மச்சினன் பிடிக்கும் கயிறு

1

ஆக்லாந்தில் எனக்குச் சம்பளம் தருவது கயிறு பிடிப்பதற்காக. வெளிநாட்டில் பெரிய உத்தியோகம் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் மன்னிக்க வேண்டும். எண்ணெய்த் தொட்டிகளைக் கழுவிக் கொடுக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. ஒனிஹங்காவில் இருக்கிறது. தொட்டிக்குள் ஒருவர் இறங்குவார். அவர் இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். அதன் மறுமுனை தொட்டியின் வாயில் நிற்பவன் கையில். அந்த நிற்பவன் நான்.

இந்த நாட்டில் சும்மா நிற்பதற்கும் ஒரு ஃபார்ம் உண்டு. "உள்ளே ஆள் இருக்கும்வரை எக்காரணம் கொண்டும் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்" என்று கையெழுத்துப் போட வேண்டும். ஆள் இறங்கிய நேரத்துக்கு ஒன்று, ஏறிய நேரத்துக்கு ஒன்று, பார்த்தேன் என்பதற்கு இன்னொன்று. பத்தொன்பது வருடமாக வாரத்துக்கு நாலைந்து தடவை இந்த வாக்கைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கூசாமல் போட்டதில்லை. ஏன் என்பதுதான் இந்தக் குறிப்பு.

இறங்குகிறவர் பெயர் ஜெயசீலன். இலங்கையில் மன்னார்க்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். எங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரே வளைகுடாதான். அந்தக் கரை அவருக்கு, இந்தக் கரை எனக்கு.

"அண்ணை, நான் உள்ளுக்க நிக்கேக்க தேத்தண்ணி குடிக்கப் போயிடாதேங்கோ" என்பார், இறங்குவதற்கு முன், தினமும்.

"டீ குடிச்சு, கேக்கு தின்னுட்டுத்தான் வருவேன். நீ இறங்கு" என்பேன், தினமும்.

ஒரு நாளில் நான் வாய்விட்டுப் பேசும் தமிழ் பெரும்பாலும் இவ்வளவுதான். மனைவி, மகளின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மெல்போர்ன் போய் ஆறு மாதம் ஆகிறது. ஹில்ஸ்பரோவில் நாங்கள் வாங்கிய வீட்டில் இப்போது நானும் ஒரு ஹீட்டரும்தான். சமைத்தால் மூன்று நாளைக்கு வருகிறது. ஒருத்தனுக்கு அளந்து சோறு வைக்க எனக்கு இன்னும் கை பழகவில்லை.

2

எங்கள் ஊர் மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரையில், தூத்துக்குடிக்கு வடக்கே இருக்கும் ஒரு சின்ன மீன்பிடி ஊர். மாதா கோயில் கட்டி நூறு வருடம் ஆகிறது என்று இந்த வருடம் நினைவு மலர் போடுகிறார்கள். அந்த வேலையைப் பார்ப்பவர் ஜான்சி டீச்சர். எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர். வாட்ஸப்பில் கூப்பிட்டார்.

"அண்ணே, 'நமது ஊர்: வரலாறும் வளர்ச்சியும்'னு ஒரு கட்டுரை வேணும். நீங்கதான் எழுதணும்."

"நான் இங்க வந்து இருபத்தேழு வருசம் ஆச்சும்மா. அங்க இருக்கிறவங்க எழுதுனா என்ன?"

"அய்யய்ய, இங்க உள்ளவங்க எழுதுனா சண்டைல்லா வரும்! மேலத்தெரு ஆளு எழுதுனா கீழத்தெருவுல கேப்பாங்க. நீங்கன்னா ரெண்டு தெருவுக்கும் சொந்தமில்ல பாருங்க."

பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. கீழத்தெருவில் பிறந்து வளர்ந்தவன் நான். அதை அவரிடம் சொல்லவில்லை.

அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் ஊர் என்னிடம் ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை.

3

எழுத எழுத எனக்கே ஆச்சரியம், இவ்வளவு ஞாபகம் இருக்கிறதே என்று.

ஊர்ப் பெரியவர்கள் மைக் பிடித்தால் பாண்டியன் காலத்திலிருந்து தொடங்குவார்கள். நான் கிணற்றிலிருந்து தொடங்கினேன். எங்கள் முன்னோர் அந்தக் கரைக்குக் குடியேற வரவில்லை. கடல் தெளிந்திருக்கும் சில மாதங்கள் மூழ்கிச் சங்கு குளிக்க வந்து, குடிசை போட்டு, கச்சான் என்கிற மேற்குக் காற்று எழும்பியதும் தெற்கே சொந்த ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். ஒரு வருடம் யாரோ தோண்டிய குழியில் நல்ல தண்ணீர் வந்தது. அந்த வருடம் நாலு குடும்பம் திரும்பிப் போகவில்லை. எங்கள் அம்மா சொன்ன கதை இது. ஒரு பருவத்துக்கு என்று வந்து தங்கிவிட்டவர்கள்தான் எங்கள் ஊர். மூன்று வருட விசாவில் வந்தவன் இதை எழுதும்போது கொஞ்சம் சிரிப்பு வந்தது.

பிறகு ஓலைக் கோயில். அது கற்கோயில் ஆனது. சங்கு அரசாங்கத்துச் சொத்து என்று இருந்ததால், கரையில் ஒரு அதிகாரி குடை பிடித்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணி வாங்கிய காலம். பாய் விரித்த வள்ளங்களில் இன்ஜின் ஏறிய காலம். ஐஸ் பேக்டரி வந்தபோது, ஐஸில் வைத்த மீனைத் தின்றால் வாதம் வரும் என்று அதன் வாசலில் மறியல் செய்தவர்களே பிற்பாடு அங்கே வேலைக்கு வரிசையில் நின்றது. கடல் கீழத்தெருவைத் தின்னத் தொடங்கியதும் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டது. அது இந்தப் பக்கம் மணலைச் சேர்த்து அந்தப் பக்கம் மணலை அரித்தது. அதற்கும் ஒரு சண்டை. எங்கள் ஊரில் எந்த வளர்ச்சியும் சண்டை இல்லாமல் வந்ததில்லை. அதையும் எழுதினேன்.

சங்கு குளிப்பதற்கு வந்தபோதுதான் பேனா தயங்கியது. எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. குளிக்கிறவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவார். கல்லைக் கட்டி மூச்சடக்கி இறங்கிய காலத்திலும் சரி, கம்ப்ரசர் வைத்து ஓஸ் குழாய் வழியாகக் காற்று அனுப்பிய காலத்திலும் சரி, வள்ளத்தில் அந்தக் கயிற்றைப் பிடிப்பவன் அவர் பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவன். மச்சினன். அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது, அவனுக்குச் சொத்தில் பங்கு உண்டு. கூலிக்காரன் பிடிக்கக் கூடாது, அவனுக்கு என்ன வந்தது? கயிற்றை விட்டால் தன் அக்கா தாலி போய்விடும் என்று பயப்படுகிறவன் கையில்தான் கயிறு இருக்க வேண்டும். ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு இழுப்பு என்றால் உடனே தூக்கு.

இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். "இந்த வழக்கம் எங்கள் ஊரில் ஒருநாளும் மீறப்பட்டதில்லை."

அது பொய் என்று எனக்குத் தெரியும். மீறியவன் நான்தான். பிலோமி அக்காவின் புருஷன் சவரி அத்தானுக்கு ஆறு வருடம் நான் கயிறு பிடித்தேன். வெல்டிங் படித்திருந்ததால் எனக்கு நியூசிலாந்து விசா வந்தது. வந்தது பருவத்தின் நடுவில், கடல் கண்ணாடி மாதிரி கிடந்த மாதத்தில். அத்தான் "நீ போ, நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன்" என்றார். அக்கா ஒன்றும் சொல்லாமல் என் பெட்டியில் கருவாடு வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கருவாட்டை ஆக்லாந்து விமான நிலையத்தில் ஒரு அதிகாரி கையுறை போட்டு எடுத்துக் குப்பையில் போட்டார். இரண்டு மாதம் கழித்து போனில், அத்தான் குளிப்பதை விட்டுவிட்டு ஐஸ் டெப்போவில் சேர்ந்துவிட்டார் என்று அக்கா சொன்னாள். அப்பாடா என்று இருந்தது. அதற்குமேல் நான் விசாரிக்கவில்லை.

4

கட்டுரையை அனுப்பிய பெருமையில் ஜெயசீலனிடம் வழக்கத்தைச் சொன்னேன். தொட்டியிலிருந்து ஏறி, முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கட பக்கமும் உதுதான் அண்ணை. மனிசிட தம்பிதான் கயிறு பிடிக்கிறது. வேற ஆரையும் நம்பேலாது. நீங்களும் பிடிச்சனீங்களோ?"

"ஆமா. ஆறு வருசம்."

"பிறகு ஏன் விட்டனீங்கள்?"

"அவரு குளிக்கிறத விட்டுட்டாரு" என்றேன். வரிசையைக் கொஞ்சம் மாற்றிவிட்டால் ஒரு மனிதன் எவ்வளவு நல்லவனாகிவிடுகிறான்.

"அப்ப நான் நல்ல கையிலதான் இருக்கிறன்" என்று சிரித்தார் ஜெயசீலன். அன்றைய ஃபார்மில் மூன்றாவது கையெழுத்தைப் போட்டுவிட்டு நான் காருக்குப் போய்விட்டேன்.

மகளிடமும் சொன்னேன். அவள் இங்கே வரும்போது இரண்டு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அன்றைக்கு ஏதோ நல்ல மனநிலையில் கட்டுரையை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கயிறு வந்ததும் நிறுத்தினாள்.

"அப்பா, அவங்க வைஃப் ஏன் பிடிக்கல? ஷி இஸ் த ஒன் ஹூ கேர்ஸ், ரைட்?"

"பொம்பளைங்க வள்ளத்துல ஏறக்கூடாதும்மா."

"ஹூ செட் ஸோ?"

"ஊர்ல அப்படித்தான்."

"ஓகே" என்றாள். பிள்ளை அழுகிறது என்று போனை வைத்தாள். எனக்குப் பிள்ளை அழுத சத்தம் கேட்கவில்லை. கேள்வி கேட்டவளிடம் எரிந்து விழுந்துவிட்டோமோ என்று வெகு நேரம் உறுத்தியது.

5

ஒரு வாரத்தில் ஜான்சி டீச்சரிடமிருந்து குரல்செய்தி வந்தது. "அண்ணே, கட்டுரை ரொம்ப நல்லாருக்கு. ஆனா அந்தக் கயிறு வரி பொய்யின்னு எங்க மாமியார் சொல்லுதாங்க. கமிட்டில உள்ள பெரியவங்ககிட்ட கேட்டா, அந்தப் பேச்சே வேண்டாம், அந்த வரிய எடுத்துருன்னு சத்தம் போடுதாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்கண்ணே."

சூப்பர் மார்க்கெட்டில் நின்று கேட்டேன். த்ரீ கிங்ஸ் கடையில், தயிர் அடுக்கியிருக்கும் இடத்தில். இருபத்தேழு வருடம் கழித்தும் நான் விட்டுவிட்டு வந்ததை ஊர் மறக்கவில்லை என்று நினைத்தேன். தயிர் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஐந்து நாள் அக்காவைக் கூப்பிடவில்லை. வேலைக்குப் போனேன், நின்றேன், கையெழுத்துப் போட்டேன். நேரத்தைக் கொல்ல, பாதியில் கிடந்த ஓ.சி.ஐ. அட்டை விண்ணப்பத்தைத் திறந்தேன். இந்நாட்டுக் குடிமகன் ஆனதில் என் இந்தியப் பாஸ்போர்ட் போய்விட்டது. விசா வாங்காமல் சொந்த ஊருக்குப் போய் நிற்க இந்த அட்டை வேண்டும். பிறந்த ஊர் என்ற கட்டத்தில் எங்கள் ஊர்ப் பெயரை அடித்தால், பிறப்புச் சான்றிதழில் இருக்கிற எழுத்து வேறு, பழைய பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்து வேறு. எது சரி என்று நிரூபிக்க நோட்டரியிடம் போக வேண்டும். மூடிவைத்தேன். கடைசியாக ஊருக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

வீட்டு ஜன்னலில் மானுக்காவ் துறைமுகம் தெரியும். தண்ணீர் வற்றினால் மைல் கணக்கில் சேறு. வந்த புதிதில், இதுவும் கடல்தானே என்று தேற்றிக்கொள்வேன். இப்போது அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை.

6

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட்டு, அங்கே விடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்துக் கூப்பிட்டேன். அக்கா உடனே எடுத்தாள்.

"என்னலே தம்பி, கோயிலுக்குப் போனியா?"

"போனேன்க்கா. மலருக்கு ஒரு கட்டுரை எழுதினேன்..."

"தெரியும். ஜான்சி வந்து வாசிச்சுக் காட்டுனா. நல்லாத்தான் எழுதியிருக்க. கெணத்துக் கதை நம்ம அம்மா சொன்னதுல்லா?"

"அந்தக் கயிறு விசயம்... நான் விட்டுட்டு வந்ததத்தான் சொல்லுதாங்கன்னு தெரியும்க்கா. அந்த வரிய எடுத்துருதேன்."

அக்கா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"நீ போனதப் பத்தி இங்க எவன் பேசுதான்? மச்சினன் விட்டுட்டுப் போறது ஊருக்குப் புதுசா? ஒருத்தன் போனா கூடப் பொறந்த இன்னொருத்தன் வருவான். எனக்குக் கூடப் பொறந்தது நீ ஒருத்தன். ஒனக்குப் பொறவு அந்தக் கயித்த யாரு பிடிச்சான்னு ஒருநாளாவது யோசிச்சியாலே?"

"அத்தான்தான் ஐஸ் டெப்போல சேந்துட்டாருன்னு..."

"சேந்தாரு. நாலு வருசம் கழிச்சு சேந்தாரு. அந்த நாலு வருசம் நான் பிடிச்சேன்."

அவள் சொல்லிக்கொண்டே போனாள், மீன் விலை சொல்கிற குரலில்.

நான் விமானம் ஏறிய வாரம் அத்தான் ஒரு கூலி ஆளை வைத்துக்கொண்டு போயிருக்கிறார். அவன் கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டு பீடி பிடித்திருக்கிறான். அத்தான் இரண்டு தடவை இழுத்தது அவனுக்குத் தெரியவே இல்லை. தானாக மேலே வந்த அத்தானுக்குக் காதில் ரத்தம். மறுநாள் விடிந்ததும் அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரைக்கு வந்து வள்ளத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"கரை பூரா ஆளு. பொம்பள வள்ளத்துல ஏறுனா கடல் வத்திரும்னு ஒருத்தன். இறங்குடி மூதேவின்னு ஒருத்தன். கோயில் சாமியாரக் கூட்டிட்டு வந்தாங்க. நான் இறங்கல. கூட வர இருந்த ரெண்டு பேரு குதிச்சுப் போயிட்டாங்க. ஒங்க அத்தான் என்னைய பாத்தாரு, கடலப் பாத்தாரு, இன்ஜினப் போட்டுட்டாரு. அன்னைலேர்ந்து நானும் அவரும் மட்டுந்தான். நாலு வருசம் ஒருத்தனும் எங்க வள்ளத்துல கை வைக்கல, தள்ளிவிடக்கூட வரல."

"பயமா இல்லியாக்கா?"

"பயமில்லாமலா? கயித்தக் கையில சுத்திக்கிட்டு, தண்ணிக் குமிழிய எண்ணிக்கிட்டே இருப்பேன். எனக்கு நீச்சலும் தெரியாது. ஒருநாளு ஓஸ் கழந்துட்டு. தனி ஆளா தூக்குனேன். உள்ளங்கை தோலு கயித்தோட போயிட்டு. அம்மா சாவுக்கு நீ வந்தப்ப கையப் பாத்துக் கேட்டியே, எண்ணெ கொட்டுச்சுன்னேன். எத்தன பேருக்கு வடை சுட்டன்னு சிரிச்ச."

சிரித்தேன். ஞாபகம் இருக்கிறது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அந்த நாளோட குளிக்கிறத விட்டாரு. ஐஸ் டெப்போன்னு ஒனக்குச் சொல்லிட்டிருந்தது அப்பந்தான் உண்மையாச்சு."

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"மொதல்ல, சொன்னா நீ வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவியோன்னு சொல்லல" என்றாள். "பொறவு, நீ கேக்கல."

7

ஜான்சி டீச்சரிடம், வரியை எடுக்க மாட்டேன், மாற்றி எழுதித் தருகிறேன் என்றேன். கமிட்டி ஒத்துக்கொள்ளாது என்றார். ஒத்துக்கொள்ளாவிட்டால் கட்டுரையே கிடையாது, பாண்டியன் காலத்திலிருந்து அவர்களே எழுதிக்கொள்ளட்டும் என்றேன். இவ்வளவு சத்தமாக நான் பேசிப் பல வருடம் இருக்கும். இரண்டு நாள் கழித்து, "எங்க மாமியார் கமிட்டிக்கே போயி ஒரு ஆட்டம் ஆடிட்டாங்கண்ணே. எழுதி அனுப்புங்க, போட்டுருவோம்" என்று செய்தி வந்தது.

அக்காவிடம் எப்படி எழுதட்டும் என்று கேட்டேன். வேண்டாம் என்பாள் என்றுதான் நினைத்தேன்.

"எழுது. ஆனா பேரு போட்டு எழுது. சவரி பொண்டாட்டின்னு எழுதாத. ஒன் அக்கான்னும் எழுதாத. பிலோமினான்னு முழுசா போடு."

ஒரு பத்திக்கு மூன்று மாலை ஆனது. முடிந்ததும் போனில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "இந்த வழக்கம் ஒருமுறை மீறப்பட்டது. சவரியின் மச்சினன் சேவியர், பருவத்தின் நடுவில் கயிற்றை விட்டுவிட்டு வெளிநாடு போனான். கரையே எதிர்த்து நிற்க, பிலோமினா வள்ளத்தில் ஏறி, நாலு பருவம் தன் கணவருக்குக் கயிறு பிடித்தார். ஓஸ் கழன்ற நாளில் அவரைத் தனியாகத் தூக்கி உயிர் காத்தார். எங்கள் ஊரில் கயிறு பிடித்த ஒரே பெண் இவர்."

அக்காவுக்குப் பின்னாலிருந்து அத்தான் "என்ன சொல்லுதான்?" என்று உரக்கக் கேட்டார். அவருக்கு இப்போது இரண்டு காதும் கேட்காது.

"பிலோமினா நல்லாருக்கு" என்றாள் அக்கா. "ஒன் பேர எதுக்குலே போட்ட? எடுத்துரு."

"இருக்கட்டும்க்கா. நடந்ததுதான?"

"நடந்ததுதான். மச்சினன் ஊருல இல்லன்னு போட்டா போதும். நீ நாளைக்குத் தெருவுல வாரப்ப, இந்தா போறான் பாரு கயித்த விட்டவன்னு எவனும் சொல்லிறப்பிடாதுல்லா?"

"சொல்லட்டும். எனக்கு ஒண்ணுமில்ல."

"அப்ப நீ வரப்போறதில்ல" என்றாள். குரலில் கோபம் இல்லை. "திரும்பி வந்து இந்தத் தெருவுல நடக்கணும்னு நினைக்கிறவன் தன் பேரப் போட்டு இப்படி எழுத மாட்டான். அங்கனயே இருந்துருவோம்னு ஆயிட்டு. அதான் தைரியம் வந்துட்டு. இல்லியாலே?"

இல்லை அக்கா, வருவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எப்ப என்று கேட்பாள். இந்த மாதம் வருகிறேன் என்று சொல்ல என்னிடம் ஒரு மாதம்கூட இல்லை.